நண்டுக்குப் பெயர் வைத்தவள்

பேராசிரியர் கோபிநாத் கட்டுரையின் முதல் பக்கத்தில் இருந்த தன் பெயரைத் தானே அடித்தார். ஒரு கோடு போதாதென்று இன்னொரு கோடும் இழுத்தார்.

“சார், என்ன சார் இது?” என்று பதறினாள் செந்தமிழ்ச்செல்வி.

“உன் பேரு மட்டும் போதும்மா. கடலுக்குள்ள முங்கினது நீ. ஓட்டு ஓரத்துல இருக்கற முள்ளெல்லாம் ஒண்ணொண்ணா பாத்து, இது யாரும் பாக்காத புது நண்டுன்னு கண்டுபிடிச்சதும் நீ. நான் கரையில உக்காந்து டீ குடிச்சவன்.”

செல்விக்கு நம்பவே முடியவில்லை. மாணவர்கள் எதைக் கண்டுபிடித்தாலும் முதல் ஆளாகத் தன் பெயரைப் போட்டுக்கொள்கிற மனிதர் அவர். அதைப் பற்றித் துறை முழுக்கப் பேசாத வாய் கிடையாது. ஓய்வு பெறப் போகிற சமயத்தில் மனசு இளகிவிட்டது போலிருக்கிறது, நாம்தான் மனிதரைத் தப்பாக நினைத்துவிட்டோம் என்று வெட்கப்பட்டாள். அவளுடைய ஆய்வேடுகூட அவர் கையெழுத்துக்காக மேஜை ஓரத்தில்தான் கிடந்தது. இனி அதற்கும் கவலையில்லை.

“பேரு வைக்கற இடம் மட்டும் காலியா இருக்கு பாரு. நீயே வை. நல்லா யோசிச்சு வை. ஒரு தடவை வச்சா வச்சதுதான், அப்புறம் யாரு நெனச்சாலும் மாத்த முடியாது.”

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அந்தப் பெயரை அவள் என்றைக்கோ முடிவு செய்துவிட்டாள். வராந்தாவுக்கு வந்து மஹீராவுக்குப் போன் போட்டாள்.

ஸ்கூபா முங்குகிறவர்கள் தனியாக இறங்க மாட்டார்கள். செல்விக்கு எப்போதும் ஜோடி மஹீராதான். குருசுக்குப்பத்துக்கு நேர் கிழக்கே படகில் போய் இருவரும் இறங்கிய அன்று, பாறை இடுக்கில் அழுக்குச் சாம்பலாக ஏதோ பதுங்கியிருந்தது. வழக்கமான கல் நண்டின் குஞ்சு என்று செல்வி தாண்டிப் போய்விட்டாள். அந்த ஆழத்தில் சிவப்பு நிறம் செத்துப்போகும், கண்ணுக்குத் தெரியாது. டார்ச் அடித்துப் பார்த்தவள் மஹீரா. வெளிச்சம் பட்டதும் இரண்டு கொடுக்கும் செக்கச்செவேல் என்று ஆயின. அப்படி ஒரு நண்டை அவர்கள் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

ஆண் நண்டு மட்டும் போதாது, பெண் நண்டும் வேண்டும் என்று கோபிநாத் விரட்டியபோது மஹீராவுக்குச் சளி பிடித்திருந்தது. மூக்கடைப்போடு முங்கினால் காதுக்கு ஆபத்து. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் நன்றாகத் தெரியும். “தண்ணி தெளிவா இருக்கறப்பவே முடிச்சிடுங்க. அப்புறம் கலங்கிடும்” என்று அனுப்பி வைத்தார் புண்ணியவான்.

பெண் நண்டு கிடைத்தது. மஹீராவின் இடது காது போனது. இனி கடல் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, ஆராய்ச்சிக்கும் முழுக்குப் போட்டாள். இப்போது முல்லா வீதியில் அவள் அத்தாவின் குடைக் கடையில் உட்கார்ந்திருக்கிறாள்.

“இரு செல்வி, மறந்துபோயி அந்தக் காதுல வச்சிட்டேன்... ம், இப்ப சொல்லு.”

“நண்டுக்கு உன் பேரை வைக்கப் போறேன்டி.”

“எங்க வீட்ல நண்டையே தொட மாட்டாங்க. எனக்குப் போயி நண்டா?” என்று சிரித்தவளின் குரல் பாதியில் உடைந்தது. “நெசமாவா சொல்ற?”

“கட்டுரையில உன் பேரை சேக்கலன்னு உனக்கு என் மேல கோவம் இருந்திருக்கும். எழுதினவங்களே தன் பேரை வச்சிக்கிட்டா நல்லாருக்காது, எல்லாரும் சிரிப்பாங்க. அதான்டி உன்னை வெளிய நிறுத்தினேன்.”

“லூசு, முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? நான் எவ்ளோ அழுதேன் தெரியுமா?” மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “அத்தாகிட்ட சொல்லட்டுமா?”

“தாராளமா சொல்லு.”

செல்வி உள்ளே வந்து காலி இடத்தில் மஹீராவின் பெயரை லத்தீன் முறைப்படி எழுதி நீட்டினாள். கோபிநாத் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். சிரித்த முகம் அப்படியே இருந்தது.

“மஹீராவா? நல்ல பொண்ணுதான். பாவம்.”

“அவ இல்லன்னா இந்த நண்டே இல்ல சார்.”

“யாரு இல்லன்னா இந்த நண்டு இல்லன்னு சொல்ற? இது சரிப்படாதும்மா. வேற பேரு யோசி.”

கையில் இருந்த போன் அதிர்ந்தது. மஹீராதான் செய்தி அனுப்பியிருந்தாள். ‘அத்தா பக்கத்துக் கடைக்கெல்லாம் போயி சொல்லிட்டு வர்றாரு. ஆனந்தத்துல அழுவறாரு செல்வி.’

“நீயே வைன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?” என்றாள் செல்வி.

“ஆமா, சொன்னேன்.” கோபிநாத் மேஜை ஓரத்தில் கிடந்த ஆய்வேட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்து, அதன் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

“பின்ன, என் பேரை நானே வச்சிக்கிட்டா நல்லாவாம்மா இருக்கும்?”