இரண்டாவது பாட்டு

"நல்லா இறுக்கிக் கட்டு தம்பி. அப்புறம் ஸ்கிரீனைப் பார்த்துச் சொல்லிட்டாருன்னு ஒரு பேச்சு வரக் கூடாது பாரு" என்று வைரக்கண்ணு தன் தோள் துண்டையே எடுத்து நீட்டினார். செழியன் தயங்கித் தயங்கி அதை அவர் கண்ணில் கட்டினான்.

மயிலாடுதுறையில் இருக்கும் அந்த ஸ்டூடியோவுக்குச் செழியன் முதலாளி. ஆனால் அங்கே இத்தனை வருஷமாகச் சேர்ந்திருக்கிற திருவிழாப் பாட்டு, கல்யாணப் பாட்டு, தேர்தல் பாட்டு எல்லாம் வைரக்கண்ணு பதிந்தவை. ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு பிரதி வைத்திருந்தார். பதிந்தது பதிந்தபடி முழுசாக இருக்கும் ஒரிஜினல் ஒன்று. செல்போனில் அனுப்பத் தோதாகச் சுருக்கிய எம்பி3 ஒன்று.

அதில்தான் வந்தது வினை. ஹார்டு டிஸ்க் எல்லாம் நிரம்பி வழிய, செழியனின் மனைவி சுடர்விழி அன்று காலையில் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே பாட்டை எதுக்குங்க ரெண்டு ரெண்டா வச்சு அடைகாக்குறீங்க? பெரிசையெல்லாம் அழிச்சுத் தள்ளுங்கண்ணே, இடமாவது கிடைக்கும்."

"ஐயையோ, அப்படிச் சொல்லாதம்மா! சுருக்குனா சுருக்குனதுதான். சலங்கைச் சத்தத்தோட நுனியை அது தின்னுடும். அப்புறம் எந்தக் கொம்பன் வந்தாலும் திருப்பிக் கொண்டார முடியாது."

"எங்க காதுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. உங்களுக்கு மட்டும் வித்தியாசம் தெரியுதாக்கும்?"

"கண்ணைக் கட்டிட்டுப் போட்டாலும் சொல்வேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். செழியன் சட்டென்று பிடித்துக்கொண்டான். "சரிண்ணே, போட்டுப் பார்த்துருவோம். சரியா சொல்லிட்டீங்கன்னா ஒண்ணையும் அழிக்கல, புது டிஸ்க் வாங்கிடலாம். இல்லேன்னா..." என்று இழுத்தவன் முடிக்கவில்லை.

முடிக்கவும் வேண்டுமா? ஒரிஜினலே இல்லை என்றால் அதைக் கட்டிக் காக்க ஓர் ஆள் எதற்கு? வேலை போய்விடும். இந்த வயசில் வேறு எங்கே போய் நிற்பது?

போதாததற்கு, பாம்புக் காது என்று ஊரே மெச்சும் அந்தக் காது இப்போது மந்தம். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலேயே வாழ்க்கையைக் கழித்தால் வேறென்ன மிஞ்சும்? கும்பகோணத்து டாக்டர் மெஷின் வைக்கச் சொல்லிவிட்டார். அதை மாட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குள் நுழைந்தால் எவன் மதிப்பான்? பெண்டாட்டி அம்சத்திடம்கூட மூச்சு விடாமல், பேசுகிறவர் உதட்டைப் பார்த்தே சமாளித்துக்கொண்டிருந்தார்.

"ஒரே பாட்டுதான், ரெண்டு தடவை போடுவேன். எது ஒரிஜினல்னு சொல்லுங்க" என்று செழியன் முன்பே சொல்லியிருந்தான்.

"ஹெட்போனுக்குள்ள நீ பேசுறது கேக்காதுப்பா. முதல்ல போட்டது முடிஞ்சதும் தோளைத் தட்டு" என்று வைரக்கண்ணுவும் சொல்லிவைத்திருந்தார்.

பாட்டு தொடங்கியது. மாரியம்மன் பாட்டு. பம்பையும் உடுக்கையும் நன்றாகவே கேட்டன. சலங்கைதான் எங்கேயோ முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி மொட்டையாகக் கேட்டது. அது சுருக்கியதனாலா, தன் காதினாலா? தெரியவில்லை. இன்னொன்றையும் கேட்டுவிட்டால் எப்படியாவது ஊகித்துவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

பாட்டு நின்றது. தோளில் தட்டு விழுந்தது.

வைரக்கண்ணு காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. சலங்கையை விடுங்கள், பம்பைகூடக் கேட்கவில்லை. ஹெட்போனைக் காதோடு சேர்த்து அழுத்தினார். ம்ஹும்!

அடப்பாவி, இருந்த கொஞ்சமும் இந்த நேரம் பார்த்தா போகணும்? ஏசி அறையிலும் அவருக்குக் கழுத்து வழியே வேர்வை வழிந்தது.

'எனக்கு ஒண்ணும் கேக்கல தம்பி' என்று சொல்லிவிடலாமா? வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. சொன்னால் இன்றோடு எல்லாம் முடிந்தது. அத்தனை பாட்டும் போகும், கூடவே அவரும் போக வேண்டியதுதான். வந்த வார்த்தையை விழுங்கிவிட்டார்.

விழுங்கிவிட்டுத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். பம்பை எங்கே ஏறும், உடுக்கை எங்கே இறங்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்தானே? தலையை ஆட்டினார். சரணம் வரும் இடத்தில், "அடடா!" என்று ஒரு வார்த்தையும் போட்டார்.

பாட்டு முடிந்திருக்கும் என்று தோன்றியபோது ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார். யாரையும் பேச விடாமல் முந்திக்கொண்டார்.

"ரெண்டாவது போட்டதுதான் ஒரிஜினல்! முதல்ல போட்டதுல சலங்கை செத்துக் கிடக்கு. ரெண்டாவதுல பாரு, ஒவ்வொரு மணியும் தனித்தனியா கணீர்னு விழுது. இதைப் போயி அழிக்கணும்கிறீங்களே, உங்களுக்கு மனசு வருதா? எங்க, இப்பச் சொல்லுங்க, சரியா தப்பா?"

பதில் வந்ததா, வரவில்லையா என்பதே அவருக்குத் தெரியவில்லை. துண்டை அவிழ்க்கக் கையைத் தூக்கினார். அந்தக் கையைச் செழியன் மெல்லப் பிடித்துக்கொண்டான். அவர் காதருகே குனிந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி நிறுத்தி நிதானமாக, உரக்கச் சொன்னான்:

"கரண்ட் போயிடுச்சுன்னு சொல்லத்தாண்ணே தோளைத் தட்டுனேன்."