நூம்பல் ராஜகுமாரி

"நூம்பல் ராஜகுமாரியா? ரேடியோவுக்கு கார்டு எழுதுவீங்களே, அந்த ராஜகுமாரியாக்கா நீங்க?"

கோமளா தையல் மெஷினை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்துவிட்டாள். கொரட்டூர் ஸ்டேஷனை ஒட்டிய அந்தத் துக்கிணியூண்டு கடையில் இருந்ததே இரண்டு ஸ்டூல். அதில் ஒன்றை முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

வந்தவளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கையில் ஒரு ஃபைல். "கொரட்டூர் கோமளாவை ஒருநாள் நேர்ல பார்ப்பேன்னு நினைக்கவே இல்லம்மா," என்று சிரித்தாள்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால், மத்தியானம் இரண்டு மணிக்கு எஃப்.எம்.மில் அறிவிப்பாளர் ரகுநாதனின் 'ஊரும் பேரும்' நிகழ்ச்சி ஆரம்பித்தால் இந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு வேலை ஓடாது. நேயர்கள் கார்டு எழுதுவார்கள். ஊரையும் பேரையும் சேர்த்து அவர் வாசிப்பார். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது, ஆனால் சொந்தக்காரர்கள் தோற்றார்கள் போங்கள். ஒருத்தர் கார்டு ஒரு வாரம் வரவில்லை என்றால் இன்னொருத்தர் உடம்புக்கு என்னவென்று கேட்டு எழுதுவார்.

"மொத கார்டே உங்களுதுதான்னு அவரே எத்தினி வாட்டி சொல்லிகீறாரு! எனக்குப் பையன் பொறந்தப்போ, கொழந்தைக்கு வசம்பு கட்டச் சொல்லி எழுதியிருந்தீங்களே, கட்டினேன்க்கா! அப்போ எக்ஸ்போர்ட் கம்பெனியில இருந்தேன். மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. என் பேரு வந்தா சூப்பர்வைசரே எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லுவாரு. இன்னா காலம்க்கா அது!" கோமளாவுக்குக் கண் கலங்கியது.

"எனக்கும்தான். அந்த ரெண்டு மணியை நினைச்சுக்கிட்டே காலையில சமைப்பேன்," என்றாள் ராஜகுமாரி.

பிறகு ஃபைலைத் திறந்தாள்.

"இப்போ அவர் பேரை நாறடிக்கிறாங்க. கூட வேலை பார்த்த ரெண்டு பொண்ணுங்க, அவர் தப்பா நடந்துக்கிட்டார்னு புகார் கொடுத்திருக்குங்க. நாளைக்கு விசாரணை. அவர் நல்ல மனுஷன்னு நேயர்கள் எழுதிக் கொடுக்கிறோம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லின்னு அலைஞ்சு முப்பது கையெழுத்து வாங்கிட்டேன். கொரட்டூர் கோமளா இல்லாம எப்படி?" பேனாவை நீட்டினாள். "இது இல்லேன்னா வேலை மட்டும் இல்லம்மா, மானமும் போயிடும்."

கோமளா பேனாவை வாங்கவில்லை.

மூலையில் காஜா எடுத்துக்கொண்டிருந்த விஜிக்கு வாய் சும்மா இருக்குமா? "நெருப்பில்லாம பொகையுமா? போன்ல பாரு, ஊரே காறித் துப்புது. அந்தாளை உடு, அவன் பொண்டாட்டியைச் சொல்லணும். அது ஒழுங்கா இருந்தா அவன் ஏன் வெளியில மேயறான்? அதுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும். சம்பளம் வந்தா போதும்னு கம்முனு கீது."

ராஜகுமாரி பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள்.

"அந்தம்மாவை ஏன்டி இழுக்கிறே?" கோமளா சீறினாள். "ஆம்பள பண்ற அழிச்சாட்டியத்துக்கு பொம்பளையைத் திட்டுறதே பொழப்பாப் போச்சு உனக்கு. போ, போய் மூணு டீ சொல்லிட்டு வா!"

விஜி முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

"கையெழுத்துப் போடும்மா," என்றாள் ராஜகுமாரி. "உன்னைத் தங்கச்சின்னுதானே கூப்பிடுவார்?"

"ரேடியோவுல கூப்பிடுவாரு."

"அப்படின்னா?"

கோமளா வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு தபா போட்டியில எனக்கு மிக்ஸி விழுந்துச்சு. நேர்ல வந்து வாங்கிக்கன்னாரு. எவ்ளோ ஆசையாப் போனேன் தெரியுமா? ஸ்டூடியோ உள்ள கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாரு. வெளியில செவப்பு லைட்டைப் போட்டாரு. அது எரிஞ்சா பதிவு நடக்குதுன்னு யாரும் கதவைத் தொறக்க மாட்டாங்களாம். உள்ள ஒரு பதிவும் நடக்கலக்கா." கோமளா கையிலிருந்த ஜாக்கெட் துணியைக் கசக்கினாள். "கையைப் புடிச்சு இழுத்தாரு. நல்லா கடிச்சு வெச்சுட்டு ஓடியாந்துட்டேன். ஆவடி வண்டியில வெறுங்காலோட வந்தேன். அதோட கார்டு எழுதுறதை உட்டுட்டேன். ஊட்ல கேட்டதுக்கு, ரேடியோ போரடிக்குதுன்னு சொன்னேன்."

தண்டவாளத்தில் ஒரு ரயில் போனது. ராஜகுமாரி ஸ்டூலை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எந்தக் கையில கடிச்சே?"

"எடது கையில. மணிக்கட்டுக்கு மேல. ரத்தமே வந்துடுச்சு."

"அது எப்போம்மா?"

"ஏரி ரொம்பி தண்ணி தெருவுக்கு வந்துச்சே, அந்த வருஷம். தீபாவளிக்கு முந்தின வாரம்."

ராஜகுமாரி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது, கையெழுத்துத் தாள்களை ஒதுக்கிவிட்டு ஃபைலிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவி கோமளாவிடம் கொடுத்தாள்.

"இப்போ சொன்னதை ஒண்ணு விடாம இதுல எழுதும்மா. நாளைக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கறேன்."

"அய்யோ, வேணாம்க்கா! அவரு பெரிய மனுஷன். தையக்காரி நான் சொன்னா யாரு நம்புவாங்க?"

"கீழே சாட்சின்னு நான் கையெழுத்துப் போடறேன்."

"நீங்களா? நீங்களும் என்னை மாதிரி கார்டு எழுதினவங்கதானே! அங்க இல்லாத ஆளு எப்படிக்கா சாட்சி போடுவீங்க?"

"அங்க இல்லம்மா. நாய் கடிச்சிடுச்சுன்னு அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு அன்னிக்கு வீட்டுக்கு வந்து நின்ன என் வீட்டுக்காரரை, பதறி அடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைச்சுட்டுப் போய் ஊசி போட வெச்சது நான்தான்."