விரல் நீளக் கட்டில்

மகளின் புது வீட்டுக்குள் கட்டிலை எப்படி நுழைப்பது என்று தெரியாமல் ரெங்கசாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசல் வழியாகக் கொண்டுபோனால் சுவர்ப்பூச்சு உரிந்துவிடும். கடைசியில் மேலேயிருந்து இடுக்கியால் இறக்கினார்.

ஆள்காட்டி விரல் நீளக் கட்டில், சின்ன அறையின் மூலையில் கச்சிதமாக உட்கார்ந்தது. கூரை இல்லாத அந்த அட்டை வீடு மொத்தமுமே ஒரு காப்பிக்கடைத் தட்டு அளவுதான்.

நிரஞ்சனாதான் கேட்டிருந்தாள். தெங்காவில் வாங்கிய வீட்டுக்கு அவளுக்கும் அவள் கணவன் ஜெய்க்கும் அடுத்த வாரம் சாவி கிடைக்கிறது. எந்தச் சாமான் எங்கே பிடிக்கும் என்று முன்கூட்டியே பார்க்க, அப்பா அளவு குறைத்து ஒரு மாடல் செய்து தரவேண்டும். சோபா, சாப்பாட்டு மேசை, செருப்பு வைக்கிற ராக் வரைக்கும் அளந்து போனில் அனுப்பினாள்.

சின்ன அறைக்கு மட்டும் ஒன்றும் அனுப்பவில்லை. என் கட்டில் அளவு எனக்குத் தெரியாதா என்று ரெங்கசாமி தானே செய்துவிட்டார். கட்டம் போட்ட கைலி ஒன்றையும் தாளில் வரைந்து, மடித்து அதன்மேல் வைத்தார்.

பாதி ஆயுசு துவாஸ் பட்டறையில் கப்பல் வயிற்றுக்குள் குப்புறக் கிடந்து வெல்டிங் பிடித்தவர் அவர். தாம் ஒட்டிய கப்பல் ஒன்றையாவது வெளியே நின்று முழுசாகப் பார்க்க வாய்க்கவில்லை. அதற்குள் அடுத்த கப்பலுக்கு லாரி ஏற்றிவிடுவார்கள். அந்த ஆத்திரத்தில்தான் ஓய்வு நாட்களில் பிளாஸ்டிக் கப்பல்களை ஒட்ட ஆரம்பித்தார்.

மனைவியின் வைத்தியத்தில் சொந்த வீடு போயிற்று. அவளும் போய்விட்டாள். கப்பல்களைத் தூக்கிக்கொண்டு, ஜாலான் புசாரில் ஃபாரூக்கின் இரும்புச் சாமான் கடைக்கு மேலே இருக்கும் இந்த வாடகை அறைக்கு வந்தார்.

ஜெய்யின் அம்மா வீட்டில் தங்களோடு வந்து இருக்கச் சொல்லி நிரஞ்சனா அப்போதே கெஞ்சினாள். சம்பந்தி வீட்டில் போய்க் கால் நீட்டிப் படுக்க முடியுமா? அதைச் சொன்னால் பெண்ணுக்கு மனசு கஷ்டப்படும். கப்பல் வைக்க அங்கே இடம் ஏது, எனக்குக் கப்பல்தான் முக்கியம் என்று சிரித்து மழுப்பிவிட்டார். பிறகு அவள் கேட்கவே இல்லை.

இப்போது கதை வேறு. மகளுக்கே சொந்த வீடு. அதில் அப்பாவுக்கு ஒரு மூலை இல்லாமலா போகும், இதெல்லாம் கேட்டு வாங்குகிற விஷயமா என்று அவர் வாய் திறக்கவில்லை. ஹோட்டல் கட்டுவதற்காக இந்தக் கடைக் கட்டடத்தை விற்றுவிட்டார்கள், மாதக் கடைசிக்குள் எல்லாரும் காலி செய்தாக வேண்டும் என்பதையும் அவளிடம் சொல்லவில்லை. வேறு அறை தேடவும் இல்லை.

ஒன்றுதான் உறுத்தியது. ஜெய்க்கு ஆஸ்துமா. பசை வாசனையும் பெயிண்ட் வாசனையும் அவனுக்கு ஆகவே ஆகாது.

நேற்று தஞ்சோங் பகாரிலிருந்து, கப்பல் மாடல்கள் சேர்க்கிற ஒருவர் வந்து கப்பல்களை அட்டைப்பெட்டிகளில் கட்டி எடுத்துப்போனார். அந்த இடுக்கியைத் தவிர, தூரிகை, பசை, பெயிண்ட் டப்பா எல்லாவற்றையும் ரெங்கசாமி சேர்த்தே கொடுத்தனுப்பினார். படியில் பெட்டிகள் இறங்குவதைக் கடை வாசலில் நின்று ஃபாரூக் பார்த்தார்.

"கப்பலையெல்லாம் குடுத்துட்டு நீங்க நீந்தியாண்ணே போகப்போறீங்க?"

"கரை வந்தாச்சு லா தம்பி," என்றார் ரெங்கசாமி. அறைக்குத் திரும்பி வெகுநேரம் முகம் கழுவினார்.

மத்தியானம் நிரஞ்சனா தேக்காவில் வாங்கிய பிரியாணிப் பொட்டலங்களோடு படியேறி வந்தாள். மாடலைப் பார்த்ததும் கைப்பையைக்கூடக் கழற்றாமல் அதன்மேல் குனிந்துவிட்டாள். சாப்பாட்டு மேசையை ஜன்னலோரம் தள்ளிப் பார்த்தாள். அதற்காக ஜெய்யோடு போட்ட சண்டையைச் சொல்லிச் சிரித்தாள். ஜெய்க்கு இன்னும் வேலை அமையவில்லை, லோனை நினைத்தால் தூக்கம் வருவதில்லை என்று அதே மூச்சில் சொன்னாள்.

ரெங்கசாமியின் காதில் பாதிதான் விழுந்தது. அவள் விரல் எப்போது சின்ன அறைக்கு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். வந்தது. கட்டிலைத் தொட்டு, கைலியின் மேல் நின்றது.

"இது யாருக்குப்பா?"

சொல்ல வெட்கமாக இருந்தது. சின்னப் பையன்போல் அவர் சிரித்தார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கப்போன நிரஞ்சனாவின் கண் பின்னால் இருந்த அலமாரியில் விழுந்தது. கப்பல்கள் நின்ற இடங்கள் மட்டும் தூசி படியாமல் வெளுத்துக் கிடந்தன.

"கப்பல் எல்லாம் எங்கப்பா?"

"குடுத்துட்டேம்மா. மாப்பிள்ளைக்கு வாசனை ஆகாதுல்ல? இனி என்கிட்ட ஒரு துணிப்பெட்டிதான். நீங்க சாவி வாங்கினதும் தூக்கிட்டு வந்திடுறேன்."

பொட்டலங்களைக் கீழே வைக்கத் தோன்றாமல் நிரஞ்சனா அப்படியே அவருடைய கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நீங்க கப்பலை விட்டுட்டு வரவே மாட்டீங்கன்னு, அந்த ரூமை வாடகைக்குப் பேசி அட்வான்ஸும் வாங்கிட்டோம்ப்பா."