பானகம் குடித்த பிறகு

வீரபாண்டி கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் சின்னக்கருப்புக்குக் கை நடுங்க ஆரம்பித்தது.

சித்திரை வெயில். மனைவி மொக்கம்மாள் தீச்சட்டியோடு முன்னால் போகிறாள். இவர் வேப்பங்குழையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடக்கிறார். சின்னமனூரில் விடியுமுன் கிளம்பிய கூட்டம். சட்டி எடுக்கிறவள் கோயில் சேரும்வரை எதுவும் தின்பதில்லை.

இவர் தின்றிருக்கலாம். மொக்கம்மாளே சொன்னாள்.

"நீங்க சட்டி எடுக்கலையே. ரெண்டு இட்லி தின்னா ஆத்தா ஒண்ணும் கோவிக்க மாட்டா."

"ஒஞ்சோலியப் பாரு" என்று சொல்லிவிட்டு, சர்க்கரை மாத்திரையை மட்டும் முழுங்கிக்கொண்டு வந்தார்.

டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மாத்திரை போட்டால் சாப்பிட வேண்டும், வெறும் வயிற்றோடு நெடுந்தூரம் நடக்கக் கூடாது. சின்னக்கருப்பு நம்பவில்லை. நடந்தால் சர்க்கரை குறையும் என்று சொன்னவரும் அதே டாக்டர்தான். மாத்திரையும் குறைக்கும், பட்டினியும் குறைக்கும், நடையும் குறைக்கும் என்றால் மூன்றையும் சேர்த்துப் போட்டால் ஒரே நாளில் நோய் ஓடிவிடாதா? ஓடிவிட்டால் மாத்திரை விற்கிறவன் பிழைப்பு என்னாவது? அதனால்தான் வேண்டாம் என்கிறார்கள். அவருடைய கணக்கு இது.

இப்போது வேட்டி வரைக்கும் வியர்வை. கொட்டுச் சத்தம் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் கேட்டது. கால் ஒரு பக்கம் போனது, உடம்பு ஒரு பக்கம் போனது.

சர்க்கரை குறைந்துவிட்டது என்று அவருக்கே தெரிந்தது. முன்பு ஒரு தடவை தோட்டத்தில் இப்படி வந்து, ஒரு கை சீனி அள்ளித் தின்றதும் நின்றிருக்கிறது.

"இனிப்பு" என்றார். நாக்குப் புரளவில்லை. உறுமல் மாதிரி வந்தது.

"ஏலே, மாமனுக்குச் சாமி வந்துருச்சுடா!"

கத்தியது கருத்தக்கண்ணன். டீக்கடையில் இவரோடு உட்கார்ந்து சாமியாடிகளைக் கேலி பேசுகிற கூட்டாளி. "ஊரையே நக்கலடிச்ச ஆளு. கடைசியில ஒன்னையவே ஆட்டிப்புட்டாளே மாமா!" என்றான். அடுத்த நொடி பயந்துபோய்க் கும்பிட்டான்.

"ஆத்தா இனிப்புக் கேக்குறா. பானகம் கொண்டாங்கப்பா!"

கூட்டம் வளைத்துக்கொண்டது. கொட்டுக்காரர்கள் வேகம் கூட்டினார்கள். மொக்கம்மாள் சட்டியோடு திரும்பினாள். சாமி வராத வீடு என்று பங்காளி வீட்டுப் பெண்கள் பேசியதை எல்லாம் கல்யாணம் ஆன நாளில் இருந்து கேட்டவள்.

"என் வீட்டுக்கும் வந்துட்டியா ஆத்தா" என்று அழுதாள்.

அப்போது ஒரு பெண் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். கையில் வயர்கூடை. அதில் பிளாஸ்க்கும் ஆஸ்பத்திரிச் சீட்டும்.

"நான் மயிலாடும்பாறை பாண்டீஸ்வரி ஆத்தா. எம்புருசனுக்குச் சக்கரைப் புண்ணு. பாதம் பூரா கருத்துப்போச்சு. காலை எடுக்கணும், இல்லைன்னா ஆளு தங்காதுங்கிறாக. இன்னைக்கே கையெழுத்துக் கேக்குறாக. போடவா, வேணாமா? நீ சொல்லு."

போடு தாயி. இன்றைக்கே போய்ப் போடு. சின்னக்கருப்பின் மனதுக்குள் இதுதான் இருந்தது. அவருடைய அண்ணன் காலைக் காப்பாற்றிக்கொண்டு உயிரை விட்டவர்.

வாய் அசைந்தது. என்ன வந்தது என்று தெரியவில்லை. காது அடைத்துவிட்டது.

பிறகு நாக்கில் வெல்லமும் சுக்கும். ஒரு சொம்பு தீர்ந்து இன்னொரு சொம்பு. யாரோ தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் கொட்டு பக்கத்தில் கேட்டது. மொக்கம்மாள் முகம் மொக்கம்மாள் முகமாகத் தெரிந்தது. வியர்வை ஆறிக் குளிர்ந்தது.

பாண்டீஸ்வரி இன்னும் காலடியில்தான் இருந்தாள். ஆனால் முகம் தெளிந்திருந்தது. மூக்கைச் சிந்தி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, லேசாகச் சிரிக்கவும் செய்தாள்.

"நீ சொன்னபடியே செய்றேன் ஆத்தா. இனி எவுக வந்து சொன்னாலும் கேக்க மாட்டேன்."

சின்னக்கருப்பு அவள் முகத்தையே பார்த்தார். புருசன் காலை எடு என்று காதால் கேட்டவள் இப்படிச் சிரிப்பாளா?

நான் என்ன தாயி சொன்னேன்? இந்த ஒரு கேள்வி போதும். வந்தது ஆத்தா இல்லை, என் சர்க்கரை. டாக்டர் சொல்கிறபடி செய், போ. இதைச் சொல்ல ஒரு மூச்சுப் போதும். நாக்கு இப்போது நன்றாகவே புரண்டது.

சொன்னால் மொக்கம்மாள் எரிகிற சட்டியோடு நடுரோட்டில் நிற்பாள். கருத்தக்கண்ணன் சாகிறவரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ஆத்தா பேரைச் சொல்லி ஏமாற்றினவன் என்று பங்காளி வீடுகள் காறித் துப்பும்.

"பஸ்ஸு போயிரும் ஆத்தா. துன்னூறு குடு" என்று பாண்டீஸ்வரி நெற்றியை நீட்டினாள்.

யாரோ திருநீற்றுத் தட்டைக் கொண்டுவந்தார்கள். சின்னக்கருப்பு ஒரு பிடி அள்ளினார்.

கை நடுங்கவில்லை. கல் மாதிரி நின்றது.

அவர்தான் அதை நடுங்க வைத்தார். கண்ணைச் செருகிக்கொண்டு, அவள் நெற்றியெல்லாம் சிந்தும்படி ஆட்டி ஆட்டிப் பூசிவிட்டார்.