இருநூற்றுப் பன்னிரண்டாவது புள்ளி

"தப்பிச்சு வெளிய போறவன் எவனாவது திரும்பி உள்ள வருவானா? எந்த முட்டாள்மா அவன்? முதல்ல அந்தப் புள்ளியை அழி!"

மேனேஜர் போட்ட சத்தத்தில் பக்கத்து அறை டைப்பிஸ்ட் எட்டிப் பார்த்துவிட்டு, நமக்கெதற்கு வம்பு என்று தலையை இழுத்துக்கொண்டார்.

புள்ளிராணி அசரவில்லை. குழாய்க்குள் தண்ணீர் எப்படி ஓடும், எங்கே போய் முட்டும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்வதுதான் அந்த பம்பு கம்பெனியில் அவளுக்கு வேலை. பொழுதெல்லாம் புள்ளிகளோடு குடித்தனம் நடத்துவதால் வந்த பட்டப்பெயர் அது. இப்போது தண்ணீருக்குப் பதிலாக ஆட்களை ஓட விட்டிருந்தாள். கம்பெனியின் இரண்டு மாடியும் திரையில் கோடுகளாக நின்றன. அதற்குள் ஆளுக்கொன்றாக இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள். தீ மணி அடித்ததும் எல்லாம் படியிறங்கி ஓடும். ஒன்றே ஒன்று மட்டும் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி மேலே ஏறும்.

"எந்த ஆபீஸா இருந்தாலும் ஒருத்தர் திரும்புவாங்க சார். போன், டிபன் பாக்ஸ், மூக்குக் கண்ணாடின்னு ஏதாவது ஞாபகம் வந்துடும். ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்துட்டேன்."

"நானும் இதுல இருக்கேனா?"

"இதோ, நீலப் புள்ளி. நீங்க மட்டும் திரும்பவே மாட்டீங்க சார். மேனேஜர் ஆச்சேன்னு அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"அப்படிச் சொல்லு!" மேனேஜர் கொஞ்சம் குளிர்ந்தார்.

"ஆனா வேற யாராவது திரும்பினா, முதல் மாடித் திருப்பத்துல உங்க பீரோ நிக்குதே, அங்கதான் முட்டிக்குவாங்க. அந்த பீரோவை நகர்த்திடலாம் சார்."

குளிர்ந்தவர் மறுபடி சூடானார். இருபது வருடமாக அவர் கையால் போட்ட வரைபடங்கள் அத்தனையும் அந்த இரும்பு பீரோவில்தான் இருந்தன. அதை யாராவது துடைத்தாலே அவருக்கு நெஞ்சு பதறும்.

"பந்தயம் கட்டறேன். நாளைக்கு நடக்கிற தீ ஒத்திகையில ஒரே ஒருத்தர் திரும்பிப் போனாலும் சரி, பீரோவை நானே என் கையால தள்ளிடறேன். யாரும் போகலைன்னா அந்த முட்டாள் புள்ளியை நீ அழிச்சிடணும்."

"சரி சார். கம்ப்யூட்டரையும் மணி அடிக்கிற அதே நேரத்துக்கு ஓட விட்டு ஒத்துப் பார்த்துடலாம்!"

பந்தயம் விளையாட்டுக்குத்தான். ஒத்திகை விளையாட்டல்ல. போன முறை ஆறு நிமிடம் ஆகி, தீயணைப்பு அதிகாரி உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயிருந்தார். இந்த முறையும் கடைசி ஆள் வரை ஐந்து நிமிடத்துக்குள் வெளியே வராவிட்டால் கட்டடத்துக்கு ஒரு மாதம் பூட்டு. அப்புறம் மேனேஜர் எந்த முகத்தை வைத்துக்கொண்டு முதலாளி முன்னால் போய் நிற்பது?

மறுநாள் பதினொரு மணிக்குத் தீ மணி அலறியது. வாசலில் நின்ற அதிகாரி ஸ்டாப்வாட்சை அமுக்கினார்.

ஜனம் மளமளவென்று இறங்கி வந்தது. தள்ளுமுள்ளு இல்லை. ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேனேஜருக்கு வாயெல்லாம் பல். ஸ்டோர் கீப்பர் விரலை நீட்டி நீட்டித் தலைகளை எண்ணினார்.

"மூணு நிமிஷம்," என்றார் அதிகாரி. "எல்லாரும் வந்தாச்சா?"

"இருநூத்திப் பதினொண்ணு." ஸ்டோர் கீப்பரின் குரல் உள்ளே போனது. "ஒரு ஆள் குறையுது சார்."

"உங்களை எண்ணினீங்களா?" என்றார் மேனேஜர்.

"எண்ணிட்டேன் சார்."

"என்னை?"

"உங்களைத்தான் சார் முதல்ல எண்ணினேன்."

யாராக இருக்கும்? காது மந்தமான ஃபிட்டர் நிற்கிறார். பாத்ரூமில் போய் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் கணக்காளரும் நிற்கிறார், கையில் பேப்பரோடு. மேனேஜருக்கு வியர்த்துக் கொட்டியது.

"மூணரை நிமிஷம்."

"அந்தப் புள்ளிராணியைக் கூப்பிடுங்கய்யா! எந்த மூலையில யார் இருக்காங்கன்னு அவதான் சொல்லுவா!"

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. புள்ளிராணியை எங்கேயும் காணோம்.

மேனேஜருக்குச் சுரீரென்றது. அடுத்த நொடி உள்ளே பாய்ந்துவிட்டார். முதல் மாடித் திருப்பத்தில் பீரோவின் மூலை அவர் முழங்காலைப் பதம் பார்த்தது. நொண்டிக்கொண்டே இரண்டாவது மாடி ஏறி, கதவைத் தள்ளினார்.

புள்ளிராணி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கைதட்டினாள். "சார், வந்து பாருங்க! எல்லாரும் வெளிய போயாச்சு. அந்த ஒரே ஒரு முட்டாள் மட்டும் பீரோவுல முட்டிக்கிட்டு, இப்பதான் நம்ம ரூம் வாசலுக்கு வந்திருக்கான்!"

"வந்துட்டான்மா... எந்திரி!"

அவளையும் இழுத்துக்கொண்டு, உருளாத குறையாக அவர் வாசலைத் தாண்டியபோது ஸ்டாப்வாட்ச் நாலு நிமிடம் ஐம்பத்தெட்டு நொடியில் நின்றது. கூட்டம் விசிலடித்தது. அதிகாரி சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார்.

"பீரோவை இன்னிக்கே தள்ளிடறேன் தாயே!" மேனேஜர் முழங்காலைத் தடவிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, மணி அடிச்சது உனக்குக் கேக்கவே இல்லையா?" என்றார் அதிகாரி.

"கேட்டுச்சே சார்! கேட்ட உடனே கம்ப்யூட்டர்ல எல்லாரையும் ஓட விட்டேனே." மூச்சு வாங்கியபடி அவள் பெருமையாகச் சொன்னாள். "அதுல முதல் ஆளா வெளிய வந்து நின்னதே நான்தான் சார்!"