ஒற்றையாள் சுமை

அன்று வெயிலா மேகமா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இடம் சங்ககிரி மலை, ஆண்டு 1943. அது மட்டும் சரி. வெள்ளைக்கார மேஜருக்கு நான் மொழிபெயர்ப்பாளன்.

கனரக இயந்திரத் துப்பாக்கி ஒன்றின் எடையை மேஜர் குறைத்திருந்தார். குழல் சூடேறாமல் இருக்க அதைச் சுற்றியிருந்த தண்ணீர் உறையை எடுத்துவிட்டு, முக்காலியின் கால்களை வெறும் குழாய்களாக மாற்றியிருந்தார். இதுவரை இரண்டு சிப்பாய்கள் சுமந்ததை ஒரே ஆள் இறக்கிவைக்காமல் மலைக்கோட்டை உச்சிக்குக் கொண்டுபோனால் புது வடிவம் தேறிவிடும்.

சுமக்க வந்த விவசாயி அப்புசாமிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

"உங்களால முடியுமுங்களா?" என்றேன்.

"என்ற பையன் வெள்ளியங்கிரி பர்மாச் சண்டையில இதைத்தானுங்க ரெண்டாவது ஆளாச் சொமக்கறான். தண்ணி எறைக்கிற சால் லேசா இருந்தா ஒத்த மாடே இழுத்துரும், இன்னொண்ண அவுத்து உட்டுருவமுங்க. ஓராளு போதும்னா என்ற பையன ஊட்டுக்கு அனுப்பிருவாங்கல்லங்க?"

துப்பாக்கியை அவர் தோளில் ஏற்றக் கைகொடுத்தேன். அதையே ஆமாம் என்று எடுத்துக்கொண்டு ஏறினார்.

உச்சியில் அவர் தோளிலிருந்து ரத்தம் கசிந்தது.

"கனமா என்று கேள்," என்றார் மேஜர்.

"எங்கூட்டுக் கன்னுக்குட்டி இதவிடக் கனமுங்க. தொரைகிட்டச் சொல்லுங்க!"

சொன்னேன். மேஜர் சிரித்தார்.

"நல்லது. இனி இரண்டாவது ஆளுக்கும் தனியாக ஒரு துப்பாக்கி கொடுத்துவிடலாம்."

"தொரை என்னங்க சொல்லுது?"

"தேறிருச்சுன்னு சொல்றாருங்க."

மேஜருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. வெள்ளியங்கிரிக்குத் தனித் துப்பாக்கி கிடைத்தது. குண்டடிபட்டு விழுந்தபோது அவனைத் தூக்கிவரப் பக்கத்தில் இரண்டாவது ஆள் இல்லை. அப்புசாமியின் தோள் அதற்குப் பிறகு எதையும் சுமக்கவில்லை. மகனின் உடலும் ஊருக்கு வரவில்லை.