கண்டக்டரின் யூனிஃபார்ம்

ரிட்டயராகிச் செம்மறி வளர்க்க வந்த பிறகும் பஸ் கண்டக்டர் தன் யூனிஃபார்மைக் கழற்றவில்லை. ஆட்டுப் புழுக்கை அள்ளுவதுகூட அதில்தான். பார்த்தாலே பக்கத்து வீட்டுக்காரிக்கு நாக்கு அரிக்கும்.

"என்னண்ணே, ஆடுங்களுக்கு டிக்கெட் கிழிச்சாச்சா?"

"எல்லாம் பாஸும்மா!"

'வேலை போயும் பவுசு போகலை' என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள்.

அன்று ஓர் ஆட்டுக்குப் பிரசவம் பார்த்ததில் யூனிஃபார்மெல்லாம் ரத்தம். அலசிக் கொடியில் போட்டுவிட்டு, வேறு சட்டையில் வீட்டுக்குள் போனார். வழக்கம்போல வேலியோரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள் அவள்.

உள்ளே பாத்திரம் பறந்தது. கண்டக்டரின் மனைவி அலறினாள்.

"யாருடா நீ? என் வீட்டுக்காரர் டூட்டி முடிஞ்சு வரட்டும், உன் தோலை உரிச்சிடுவாரு!"

"பயப்படாதீங்கம்மா, அவர் இப்ப வந்துடுவாரு."

வெளியே வந்த கண்டக்டர், சொட்டிக்கொண்டிருந்த யூனிஃபார்மை ஈரத்தோடு மாட்டிக்கொண்டு, மறுபடி உள்ளே போனார்.